மலையேறிய பெல்ட்

திருப்பதியில் அலிபிரி சோதனைச் சாவடியைத் தாண்டித் திருமலைக்கு ஏறும் கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டர் எதுவானாலும், அதன் இடது பக்க மூடிக்குள் ஒரு ரப்பர் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். வளைவுக்கு வளைவு ஏற்றம் கூடும்போது அது முன்புல்லியில் கீழே இறங்குகிறது, பின்புல்லியில் மேலே ஏறுகிறது. சமதளம் வந்ததும் நேர்மாறாக. ஓட்டுகிறவருக்கு இது எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. வலது கையைத் திருகுவதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது.

இது ஜப்பானியர் மூளையில் உதித்தது என்றுதான் பொதுவாக நம்பப்படுகிறது. கைனடிக் ஹோண்டாவுடன் வந்தது, ஆக்டிவாவுடன் ஊரெல்லாம் பரவியது, ஆகவே ஹோண்டாவின் சரக்கு. ஆனால் இந்த ஏற்பாட்டுடன் ஒரு ஸ்கூட்டர் 1937-லேயே அமெரிக்காவில் ஓடியது. கலிஃபோர்னியாவில் அதைச் செய்த கம்பெனியின் பெயர் சால்ஸ்பரி. கம்பெனி போய்விட்டது. அமெரிக்க ஸ்கூட்டர் என்ற இனமே கிட்டத்தட்ட அழிந்துவிட்டது. பெல்ட் மட்டும் பிழைத்து, உலகத்தைச் சுற்றி, ஏழுமலையானின் மலைப் பாதைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இப்போது அந்தப் பெல்ட்டுக்கும் நாள் எண்ணப்படுகிறது. எண்ணுகிற இடங்களில் ஒன்று இதே சித்தூர் சீமையில்தான் இருக்கிறது.

ஸ்கூட்டர் என்றாலே இத்தாலி என்று நினைத்துப் பழகியவர்களுக்கு, அமெரிக்க ஸ்கூட்டர் என்பதே விநோதமாகப் படும். உண்மையில் ஸ்கூட்டரை முதலில் கடைக்குக் கொண்டுவந்து விற்றவர்களில் அமெரிக்கர்கள் முன்வரிசை. 1915-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டியில் 'ஆட்டோபெட்' தயாரானது. குழந்தைகள் ஒற்றைக் காலால் உந்தி ஓட்டும் வண்டியைப் பெரிதாக்கி, முன்சக்கரத்தின் மேல் ஒரு சின்ன எஞ்சினை உட்காரவைத்தது போன்ற உருவம். உட்கார இருக்கை கிடையாது, நின்றபடியே ஓட்ட வேண்டும். கைப்பிடித் தண்டை முன்னால் தள்ளினால் வண்டி நகரும், பின்னால் இழுத்தால் பிரேக். வேலை முடிந்ததும் தண்டை மடக்கிக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம்.

விலை 100 டாலர். நியூயார்க் தபால் இலாகாவின் அவசரத் தபால்காரர்கள் நான்கு பேர் இதில் வரிசையாக நிற்கும் புகைப்படம் இன்றும் புத்தகங்களில் வருகிறது. அதைவிடப் பிரபலமான படம் லண்டனில் 1916-இல் எடுத்தது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய ஃபுளோரன்ஸ் நார்மன் சீமாட்டி, தொப்பியும் நீள அங்கியுமாக ஆட்டோபெட்டில் வேலைக்குப் போகிறார். கணவர் கொடுத்த பிறந்தநாள் பரிசு. ஸ்கூட்டருக்கும் பெண்களின் சுதந்திரத்துக்கும் உள்ள சம்பந்தத்தை 1990-களில் நம் விளம்பரக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று யாராவது சொன்னால் இந்தப் படத்தைக் காட்டலாம்.

ஆட்டோபெட்டில் இன்னொரு சமாச்சாரமும் உண்டு. பெட்ரோல் வண்டியோடு, பேட்டரியில் ஓடும் ரகமும் விற்பனைக்கு இருந்தது. மின் ஸ்கூட்டரை இருபத்தொன்றாம் நூற்றாண்டின் புதுமையாகப் பேசுகிறவர்கள் நூறு வருடம் பிந்திவிட்டார்கள்.

ஆனால் ஆட்டோபெட் நிலைக்கவில்லை. 1921-இல் தயாரிப்பு நின்றது. ஜெர்மனியில் க்ரூப் நிறுவனம் உரிமம் வாங்கிச் செய்ததும் 1922-டன் முடிந்தது. சின்னச் சக்கரம், நின்றபடி பயணம், வேகம் கொஞ்சம் கூடினாலே ஆட்டம் என்று குறைகள் பல. எல்லாவற்றுக்கும் மேலாக, 1916-இல் ஒரு ஃபோர்டு மாடல்-டி கார் 400 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. மூன்று நான்கு ஸ்கூட்டர் விலையில் ஒரு கார். அமெரிக்க ஸ்கூட்டரின் தலையெழுத்து அங்கேயே எழுதப்பட்டுவிட்டது என்று சொல்லலாம். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஸ்கூட்டரும் மலிவான காரின் நிழலில்தான் வளர்ந்தது.

அடுத்த அத்தியாயம் 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவில் பர்பாங்க் விமான நிலையத்தில் விமானி அமேலியா இயர்ஹார்ட் பழைய மோட்டார் ஸ்கூட்டர் ஒன்றில் சுற்றிக்கொண்டிருந்ததை ஃபாஸ்டர் சால்ஸ்பரி பார்த்தார், அதிலிருந்துதான் அவருக்கு யோசனை பிறந்தது என்று ஸ்கூட்டர் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். 1936-இல் ஆஸ்டின் எல்மோர் என்பவருடன் சேர்ந்து 'மோட்டார் கிளைட்' என்ற வண்டியைக் கொண்டுவந்தார் சால்ஸ்பரி. பிற்கால ஸ்கூட்டரின் அங்க லட்சணங்கள் பலவும் அதில் இருந்தன: உட்கார இருக்கை, கால் வைக்கத் தட்டையான தளம், இருக்கைக்கு அடியில் எஞ்சின், சிறிய சக்கரங்கள், எண்ணெயும் புகையும் உடையில் படாமல் மூடிய உடல்.

அடுத்த வருடமே அதில் அந்தப் பெல்ட் ஏறியது. அதன் சூட்சுமம் எளிமையானது. எஞ்சின் பக்கத்துப் புல்லி ஒரே வட்டாக இல்லாமல், எதிரெதிரே பார்க்கும் இரண்டு கூம்புத் தட்டுகளாக இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே இருக்கும் எடைகள் வெளிப்பக்கமாக ஓடி, ஒரு தட்டை மற்றதன் பக்கம் தள்ளும். தட்டுகள் நெருங்கினால் நடுவில் உள்ள பெல்ட் வெளிவிளிம்புக்கு ஏறும். பின்பக்கத்தில் இதற்கு எதிரிடையாக, ஸ்பிரிங் வைத்த தட்டுகள் விலகிப் பெல்ட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்னால் பெரிய வட்டம், பின்னால் சின்ன வட்டம் என்றால் டாப் கியர். பாரம் கூடி எஞ்சின் திணறினால் எல்லாம் தலைகீழாக மாறி லோ கியர். முதல், இரண்டாவது, மூன்றாவது என்று படிக்கட்டு கிடையாது. சாய்தளம் மாதிரி வழுவழுவென்று மாறும். ஹாலந்தின் டாஃப் கம்பெனி இதே தத்துவத்தில் 'வேரியோமேட்டிக்' கார் செய்து பெயர் வாங்கியது 1958-இல்தான். சால்ஸ்பரி இருபது வருடம் முந்திக்கொண்டார்.

முந்தியதால் லாபம் எதுவும் கிடைக்கவில்லை. போருக்குப் பின் 1947-இல் சால்ஸ்பரி வெளியிட்ட 'மாடல் 85' இன்று பார்த்தாலும் அசத்தும் வண்டி. விமானத்தின் வால்பகுதியை வெட்டி வைத்தது போன்ற உடல். காரில் போலக் காலடியில் ஆக்சிலேட்டரும் பிரேக்கும். ஆயிரத்துக்கும் குறைவான வண்டிகள் செய்ததோடு கடை கட்டிவிட்டார்கள்.

வியாபாரத்தில் ஜெயித்தது நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் இருந்த குஷ்மன். அது விவசாயிகளுக்கான சின்ன எஞ்சின்கள் செய்துவந்த கம்பெனி. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் தானே கோத்த ஸ்கூட்டரில் குஷ்மன் எஞ்சினை மாட்டிக்கொண்டு, உதிரி பாகம் கேட்டு வந்தான், அதைப் பார்த்த முதலாளிக்குப் பொறி தட்டியது என்பது அந்தக் கம்பெனி சொல்லிவந்த கதை. எஞ்சினை விற்பதற்காகவே 1936-இல் 'ஆட்டோ கிளைட்' ஸ்கூட்டர் பிறந்தது. நேர்த்தி என்று சொல்ல ஒன்றும் இல்லை. இரும்புச் சட்டம், அதன் மேல் ஒரு பெட்டி. ஆனால் உடையாது, உடைந்தாலும் ஊர்க் கொல்லனே ஒட்டிவிடுவான்.

போர் குஷ்மனை உலகம் சுற்றவைத்தது. அமெரிக்க ராணுவம் பாராசூட் வீரர்களோடு சேர்த்து வானத்திலிருந்து கீழே போடுவதற்கு ஒரு ஸ்கூட்டர் கேட்டது. 'மாடல் 53' என்ற அந்த மொட்டை வண்டி நாலாயிரத்துச் சொச்சம் செய்யப்பட்டது. வருடம் 1944. இத்தாலியில் முன்னேறிய நேச நாட்டுப் படைகளிடம் குஷ்மன்கள் இருந்தன. குண்டு விழுந்து இடிந்த சாலைகளில் அவை சந்துபொந்தெல்லாம் நுழைந்து போனதை இத்தாலியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே 1944-இல் பியாஜியோ விமானக் கம்பெனியின் பொறியாளர்கள் வட இத்தாலியின் பியெல்லாவில் 'எம்பி 5' என்ற முதல் மாதிரியைச் செய்தார்கள். அதன் அலங்கோல உருவத்துக்காகத் தொழிலாளர்கள் வைத்த செல்லப் பெயர் 'பாப்பெரினோ', அதாவது டொனால்ட் டக் வாத்து. பெயரிலும் அமெரிக்க வாசனை. முதலாளி என்ரிக்கோ பியாஜியோவுக்கு அது பிடிக்கவில்லை. ஹெலிகாப்டர் நிபுணரான கொராதீனோ தஸ்கானியோவிடம் வேலையை ஒப்படைத்தார். தஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிளே ஆகாது. அந்த வெறுப்பில் பிறந்ததுதான் வெஸ்பா. 1946 ஏப்ரல் 23 அன்று காப்புரிமைக்கு மனு போடப்பட்டது. மறு வருடம் இன்னோசென்ட்டியின் லாம்ப்ரெட்டா வந்தது. வெஸ்பா குஷ்மனின் நகல் அல்ல, பொறியியலில் அது வெகு தூரம் முன்னே இருந்தது. ஆனால் யோசனையின் விதை யாருடைய பையிலிருந்து விழுந்தது என்பதில் பெரிய சந்தேகம் கிடையாது.

திருமலைக்குக் காட் ரோடு திறந்ததும் 1944-இல்தான். அப்போது சித்தூர் மாவட்டம் சென்னை ராஜதானியில் இருந்தது. அதுவரை யாத்ரிகர்களுக்கு நடை அல்லது டோலி. முப்பத்தாறு கொண்டைவளைவுகளுடன் மலையில் ஏறிய அந்தப் பாதையில் மோட்டார் வண்டிகள் முக்கிக்கொண்டு போய்வந்த காலத்தில், அட்லாண்டிக்குக்கு அப்பால் ஒரு ஸ்கூட்டர் வானத்திலிருந்து விழப் பழகிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் ஏற்பட இன்னும் நாற்பது வருடம் ஆகும்.

இந்தியாவுக்கு வந்தது இத்தாலி ஸ்கூட்டர். பஜாஜ் குடும்பத்தின் வர்த்தக நிறுவனம் 1948-இல் வெஸ்பாவை இறக்குமதி செய்யத் தொடங்கியது. பம்பாயில் ஏபிஐ நிறுவனம் லாம்ப்ரெட்டாவைப் பூட்டி விற்றது. 1960-இல் ஸ்கூட்டர் விநியோகத்தை அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்ததை ஐம்பது வயது தாண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தபால் ஆபீஸில் 250 ரூபாய் கட்டிப் பாஸ் புத்தகத்தை அடமானம் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பஜாஜ் வண்டிக்குக் காத்திருப்பு பத்து வருடத்தைத் தொட்டது. பெண் பிறந்ததும் புக் செய்தால் கல்யாணத்துக்கு வண்டி வந்துவிடும் என்பது அந்தக் காலத்து ஹாஸ்யம். சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு கம்பெனி 1960-களில் செய்த 'ஃபேன்டாபுலஸ்' ஸ்கூட்டரில் பொத்தானை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும் வசதி இருந்தது. காலத்தை முந்திய வண்டி. பெயரையும் எடையையும் ஜனங்கள் தாங்கவில்லை.

அமெரிக்காவில் இதே காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அங்கே ஸ்கூட்டர் கிடைத்தது, வாங்க ஆள்தான் இல்லை. போருக்குப் பிறகு நெடுஞ்சாலைகள் அகலமாயின. குடும்பங்கள் புறநகருக்குக் குடிபோயின. பழைய கார் ஒன்றை ஒரு கல்லூரி மாணவன்கூட வாங்க முடிந்தது. ஸ்கூட்டர், கார் ஓட்ட வயது வராத பையன்களின் வண்டியாகச் சுருங்கியது. பல மாநிலங்களில் பதினாலு வயதுப் பையன் ஐந்து குதிரைசக்திக்குள் இருக்கும் வண்டியை ஓட்டச் சட்டம் இடம் தந்தது. அந்தச் சின்ன ஓட்டைக்குள்தான் ஒரு தொழிலே பிழைத்துக்கொண்டிருந்தது. குஷ்மன் 1949-இல் கொண்டுவந்த 'ஈகிள்' வண்டியைப் பார்த்தாலே விஷயம் புரியும். அது ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளைக் கழுவிச் சுருங்கவைத்தது போல இருக்கும். பையன்களுக்கு ஸ்கூட்டர் வேண்டாம், அப்பாவின் ஹார்லி வேண்டும். அது கிடைக்கும்வரை இது.

இந்தச் சந்தைக்குள் ஹார்லி டேவிட்சனே இறங்கியதுதான் அமெரிக்க ஸ்கூட்டர் கதையின் கடைசிப் பெரிய திருப்பம். விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரத்திலிருந்து, தோல் ஜாக்கெட் போட்ட முரடர்களுக்கு வண்டி செய்யும் கம்பெனி, 1960-இல் 'டாப்பர்' என்று ஒரு ஸ்கூட்டர் விட்டது. ஹார்லி தன் வாழ்நாளில் செய்த ஒரே ஸ்கூட்டர் அது. 165 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், படுக்கைவாட்டில். உடலின் ஒரு பகுதி ஃபைபர் கிளாஸ். சோப்புப் பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போன்ற தோற்றம், அழகு என்று யாரும் சொன்னதில்லை. ஸ்டார்ட் செய்ய உதைக்க வேண்டாம், புல்வெட்டும் மெஷினில் உள்ளது போல் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். ஐந்து குதிரைசக்திச் சட்டத்துக்காக மூச்சை அடக்கி விட்ட ரகம் ஒன்றும் உண்டு. சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோனது அதே சால்ஸ்பரி பாணி பெல்ட். 'ஸ்கூட்டவே டிரைவ்' என்று ஹார்லி அதற்குப் புதுப் பெயர் சூட்டியது.

டாப்பர் ஐந்தாறு வருடம்தான் உயிரோடு இருந்தது. 1959-இல் அமெரிக்காவில் கால்வைத்த ஹோண்டா, தன் 50 சிசி கப் வண்டியை நல்ல குடும்பத்து மனிதர்களின் வாகனமாக விளம்பரம் செய்து குவித்துக்கொண்டிருந்தது. சியர்ஸ் கடைகள் 1951-லிருந்தே வெஸ்பாவை 'ஆல்ஸ்டேட்' என்ற சொந்தப் பெயரில் விற்றன. 1960-களின் தொடக்கத்தில் குஷ்மனே வெஸ்பாவை வாங்கி விற்க வேண்டியதாயிற்று. விதை கொடுத்த வீட்டுக்காரன் தானியத்துக்குக் கை நீட்டிய கதை. 1965-இல் டாப்பரும் ஈகிளும் அடுத்தடுத்து நின்றன. குஷ்மன் கோல்ஃப் மைதான வண்டிகளுக்கும் தொழிற்சாலைச் சுமைவண்டிகளுக்கும் போய்ப் பிழைத்துக்கொண்டது.

அமெரிக்காவில் தோற்றது இங்கே ஏன் ஜெயித்தது? குஷ்மனும் டாப்பரும் ஒரு பையனுக்காக, மிஞ்சிப்போனால் பின்னால் ஒரு சிநேகிதிக்காகச் செய்த வண்டிகள். இந்தியாவில் ஸ்கூட்டர் ஒரு குடும்பத்தின் கார். முன்னால் நின்றுகொண்டு ஒரு குழந்தை, பின்னால் பக்கவாட்டில் மனைவி, அவர் மடியில் இன்னொன்று, காலடியில் காஸ் சிலிண்டர். கார் எட்டாத தூரத்தில் இருந்ததால் ஸ்கூட்டருக்கு மரியாதை. அமெரிக்கனுக்கு அது காருக்கு முந்திய வண்டி, இந்தியனுக்குக் காருக்குப் பதில் வண்டி. இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொண்டால் மற்ற காரணங்களெல்லாம் சில்லறை.

பெல்ட் இந்தியாவில் பரவலாக ஓடத் தொடங்கியது 1984-இல் புனேயின் கைனடிக்கும் ஹோண்டாவும் கைகோத்தபோது. பஜாஜ் ஸ்கூட்டரை இடப்பக்கம் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்து, மறுபடி சாய்த்து ஸ்டார்ட் செய்து பழகிய தேசத்துக்குப் பொத்தானும் கியர் இல்லாத ஓட்டமும் மந்திரமாகத் தெரிந்தன. ஆண்களில் பலர் அதைப் 'பொம்பளை வண்டி' என்று ஒதுக்கினார்கள். பெண்களுக்கு அது பெரிய உதவியாக முடிந்தது, மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். 1990-களில் டிவிஎஸ் ஸ்கூட்டி வந்தது. 2001-இல் ஆக்டிவா வந்து ஆண் பெண் விவகாரத்துக்கே முற்றுப்புள்ளி வைத்தது. பஜாஜ் கியர் ஸ்கூட்டரை அடுத்த சில வருடங்களில் கைகழுவியது.

சித்தூரிலும் திருப்பதியிலும் அதற்கு ஸ்கூட்டர் என்றுகூடப் பெயர் இல்லை. தமிழ் பேசுகிறவர் வண்டி என்கிறார், தெலுங்கு பேசுகிறவர் பண்டி என்கிறார். மாட்டுவண்டி முதல் ஆக்டிவாவரை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். ஒரே சொல்தான், எல்லையைத் தாண்டும்போது முதலெழுத்து மட்டும் உதடு மாறுகிறது.

மலைப் பாதைக்கு வந்தால் பெல்ட்டின் ஒரு பலவீனம் தெரியும். ஏறுவதில் கில்லாடி, இறங்குவதில் சோம்பேறி. பழைய கியர் ஸ்கூட்டரில் இறக்கத்தில் இரண்டாவது கியரைப் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பெல்ட் வண்டியில் எஞ்சின் வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் கிளட்ச் தானாகக் கைவிட்டுவிடும். பிறகு பாரம் முழுக்கப் பிரேக்கின் தலையில். இறங்குவதற்கென்று ஒதுக்கப்பட்டிருப்பது 1944-இன் பழைய பாதை, கொண்டைவளைவுகள் உள்ளது. 1970-களில் போட்ட இரண்டாவது பாதை ஏறுவதற்கு. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, பிரேக்கை விடாமல் அழுத்தியபடி இறங்குகிற வண்டியின் பிரேக் கட்டைகள் சூடாகிப் பிடிப்பை இழப்பது பௌதிக விதி, அதற்கு வேங்கடாசலபதி பொறுப்பல்ல. விட்டு விட்டுப் பிரேக் பிடிப்பது, வழியில் நிறுத்தி ஆறவைப்பது என்பவை மலையில் ஓட்டிப் பழகியவர்களின் வழக்கம். போதாக்குறைக்குச் சிறுத்தைகள். 2023 ஆகஸ்டில் நடைபாதையில் ஒரு குழந்தை சிறுத்தைக்குப் பலியான பிறகு, இருசக்கர வண்டிகளைக் காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை மட்டுமே மலைப் பாதையில் விடுவதென்று தேவஸ்தானம் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

சித்தூர் சீமை வெறுமனே ஸ்கூட்டர் ஓட்டும் இடமாக இருந்த காலம் போய்விட்டது. அமெரிக்காவில் பல வருடம் பொறியாளராக இருந்துவிட்டுத் திரும்பிய கல்லா ராமச்சந்திர நாயுடு, திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடியில் 1985-இல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். 1997-இல் அதில் பங்காளியாகச் சேர்ந்த ஜான்சன் கன்ட்ரோல்ஸ் எந்த ஊர்க் கம்பெனி தெரியுமா? மில்வாக்கி. டாப்பர் பிறந்த அதே ஊர். 2019-இல் அந்த உறவு முடிந்தது. அமரான் பேட்டரிகள் கரகம்பாடியிலும் சித்தூர் பக்கத்து நுனெகுண்டலபல்லியிலும் தயாராகின்றன. உள்ளூர் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு இதில் எரிகிறது. ஈயம் சும்மா இருக்கும் உலோகம் அல்ல என்பதும் உண்மை. 2021-இல் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஈய மாசைக் காரணம் காட்டி இரண்டு இடத்து ஆலைகளையும் மூட உத்தரவிட்டது. நிறுவனம் வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றம் உத்தரவை நிறுத்திவைத்தது. அரசியல் பழிவாங்கல் என்று ஒரு தரப்பும், தொழிலாளர் உடம்பு என்று மறு தரப்பும் பேசின. அடுத்த வருட டிசம்பரில் லித்தியம் பேட்டரிக்காக 9,500 கோடி ரூபாய்த் திட்டத்தை அமர ராஜா அறிவித்தது, ஆந்திராவில் அல்ல, தெலங்கானாவின் மகபூப்நகரில். பழைய பேட்டரி இங்கே, புதிய பேட்டரி அங்கே என்ற அந்தச் செய்தி சித்தூரில் எப்படி விழுந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

இன்னொரு வண்டி இங்கேயே நின்றது. தமிழகத்தின் ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில், எல்லைக்கு அப்பால் இருக்கிறது சத்தியவேடு. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து ஓடும் ஊர். அந்த மண்டலத்தின் மதனபாளையத்தில் 2018 மார்ச்சில் ஹீரோ மோட்டோகார்ப் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அறிவித்த முதலீடு 1,600 கோடி ரூபாய். அன்று அது சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. அங்கேதான் ஹீரோவின் 'விடா வி1' மின் ஸ்கூட்டர் உருவானது. 2022 அக்டோபரில் வெளிவந்தபோது விலை 1 லட்சத்து 45 ஆயிரம் ரூபாயில் தொடங்கியது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் செய்யலாம் என்பது அதன் விசேஷம். மாடி வீட்டுக்காரர்களின் கஷ்டம் தெரிந்த யாரோ யோசித்திருக்கிறார்கள். ஹார்லி டேவிட்சன் 2020-இல் இந்தியாவில் தன் ஆலையை மூடிவிட்டு வியாபாரத்தை ஒப்படைத்ததும் இதே ஹீரோவிடம்தான்.

மேற்கே ஓசூரில் ஏத்தரும் டிவிஎஸ்ஸும், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலாவும் மின் ஸ்கூட்டர் செய்கின்றன. ஒரு காலத்தில் மாங்கூழுக்கும் வெல்லத்துக்கும் பெயர்போன இந்த எல்லைப் பிரதேசம் இப்போது நாட்டின் மின் ஸ்கூட்டர் வட்டாரம். போட்டி கடுமை. அரசு மானியம் குறைந்தால் விலை ஏறுகிறது, விலை ஏறினால் விற்பனை இறங்குகிறது. ஐடிஐ முடித்துவிட்டு ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்த சத்தியவேட்டுப் பையனுக்கு இது பத்திரிகைச் செய்தி அல்ல, மாதச் சம்பளம்.

மின் மோட்டாருக்கு கியர் மாற்ற வேண்டிய தேவையே கிடையாது. நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையும் தரும். ஒரே விகிதத்தில் சக்கரத்தோடு இணைத்துவிட்டால் போதும். சில வண்டிகளில் பெல்ட் உண்டு, ஆனால் அது சைக்கிள் செயின் மாதிரி சுற்றுமே தவிர ஏறி இறங்காது. கூம்புத் தட்டு, உருளை எடை, ஸ்பிரிங் எதுவும் வேண்டாம். 1937-இல் கலிஃபோர்னியாவில் புறப்பட்ட ஏற்பாடு சத்தியவேட்டு ஆலையின் அசெம்பிளி லைனில் இறங்கிக்கொள்கிறது. பெல்ட்டும் ரோலரும் மாற்றிச் சம்பாதிக்கும் மெக்கானிக்குகளுக்கு இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. இப்போதைக்குத் தெருவில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் இன்னும் பல வருடம் அவர்களுக்குச் சோறு போடும்.

இறக்கத்தில் மின் வண்டிக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. பல மாடல்களில் கையை விட்டதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியைப் பின்னுக்கு இழுத்தபடியே பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். பழைய கியர் ஸ்கூட்டரின் இரண்டாவது கியர் வேறு ரூபத்தில் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் பேட்டரி நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது, இழுவையும் குறைந்துவிடும். மலைமேல் முழுக்க சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்குகிறவருக்கு முதல் சில வளைவுகளில் பிரேக்தான் துணை.